எண்ணெய் காயாத அடுப்பு

எனக்குப் பேச வராது. ஊமையில்லை. ஆள் முன்னால் நின்றால் சொல்ல வந்தது தொண்டையிலேயே தங்கிவிடும். என் தொழிலுக்குப் பேச்சு அவ்வளவாகத் தேவையுமில்லை. கரமனையில் ஒரு சந்து முனையில், மாமரத்தடியில் என் தேய்ப்பு வண்டி நிற்கிறது. துணியைக் கொண்டுவந்து வைப்பார்கள். குனிந்து தேய்ப்பேன், மடித்துப் பழைய செய்தித்தாளில் சுற்றி வைப்பேன், வந்து எடுத்துப் போவார்கள். ஐந்தாம் வகுப்புவரை படித்தவன் இன்றைக்கும் வாசிக்கிறேன் என்றால் அந்தப் பழைய தாள்கள்தான் காரணம். சட்டையைப் பார்த்தால் யார் வீட்டுச் சட்டை என்று தெரியும். சட்டைக்காரர் நேரில் வந்தால் தலை நிமிராது.

எனக்காகப் பேசியதெல்லாம் என் அக்கா. நாகர்கோவில் பக்கத்திலிருந்து மலையாளம் பேசும் இந்த ஊருக்குக் கல்யாணம் செய்து வந்தவள். அத்தான் இங்கே ஒரு ஓட்டலில் வேலை பார்த்தார். மகள் கைக்குழந்தையாக இருக்கும்போதே அவர் போய்விட்டார். அதற்குப் பிறகு அக்கா வலியசாலையில் அக்கிரகாரத்துத் தெருக்களில் சில வீடுகளுக்குச் சமையலுக்கும் பாத்திரத்துக்கும் போய், ஒரு வீட்டின் பின்கட்டில் குடியிருந்து, மகளை வளர்த்தாள். ஊரில் சும்மா சுற்றிக்கொண்டிருந்த என்னை வரவழைத்ததும் அவள்தான். மாமரத்தடியில் வண்டி போடவிடமாட்டோம் என்று தெருக்காரர்கள் சொன்னபோது வீடு வீடாக ஏறிப் பேசினாள். மலையாளமும் தமிழும் கலந்து அவள் பேசுகிற பேச்சில் கோபமாக இருப்பவர்கள்கூடச் சிரித்துவிடுவார்கள். நான் பக்கத்தில் நின்று சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருப்பேன்.

எனக்குப் பெண் பார்த்தவளும் அவள்தான். எனக்கு வயது ஏறிப்போயிருந்தது. பெண் வீட்டில் என்னிடம் ஏதோ கேட்டார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா சொன்னாள்: "அவன் பேசமாட்டான். அடிக்கவும் மாட்டான். ரெண்டும் ஒரே ஆள்கிட்ட கெடைக்குமா?" அவர்கள் சிரித்தார்கள். கல்யாணம் நடந்தது.

வருஷங்கள் போயும் குழந்தை தங்கவில்லை. பிறகு ஒரு தைமாதம் என் மனைவி, நாள் தள்ளிப்போயிருக்கிறது என்று சொன்னாள். எங்கள் பக்கத்தில் மூன்று மாதம் முடிகிறவரை வெளியில் சொல்லும் வழக்கமில்லை. கண் படும், கலைந்துவிடும் என்று பயம். ஒருமுறை அப்படிக் கலைந்தும் இருந்தது. ஆனால் அக்காவிடம் சொல்லாமல் இருக்க எனக்குத் தெரியாது. மறுநாளே வலியசாலைக்குப் போய், கிணற்றடியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவளிடம் சொன்னேன். ஈரக்கையோடு என் கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள். "யார்கிட்டயும் சொல்லாதே, என் மகள்கிட்டகூடச் சொல்லமாட்டேன்" என்றாள். அந்த வாக்கை அவள் காப்பாற்றினாள்.

அதே மாதம் அவள் மகளைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. பையன் வளைகுடாவில் வேலை பார்க்கிறவன், நாகர்கோவில் பக்கம்தான். விடுமுறை முடிந்து திரும்பப் போகிற நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. இதை விட்டால் அடுத்த விடுமுறைக்கு வேறு வீட்டுக்குப் போய்விடுவார்கள். அக்கா கைம்பெண். மகளைச் சிங்காரித்துச் சபைக்கு அழைத்து வருவதற்குச் சுமங்கலி ஒருத்தி வேண்டும். அது மாமன் மனைவி, அதாவது என் மனைவி. அந்தப் பெண்ணின் புடவையை நான்தான் தேய்த்துக் கொடுத்தேன். அரக்குச் சிவப்பு, ஓரத்தில் சன்னமான ஜரிகை.

நாங்கள் காலையிலேயே போய்விட்டோம். அக்கா வாசலில் தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டிருந்தாள். மருமகள் தலைக்குக் குளித்து ஈரத்தோடு உட்கார்ந்திருந்தாள். என் மனைவி அவளுக்குத் தலை பின்னினாள், பூ வைத்தாள். ஜிமிக்கி போடும்போது அந்தப் பெண் "அம்மா" என்று முனகித் தலையை இழுத்துக்கொண்டது. காதுக்குப் பின்னால் தொட்டால் வலிக்கிறது என்றது. என் மனைவி தொட்டுப் பார்த்து, கொட்டை மாதிரி நெறி கட்டியிருக்கிறதே என்றாள். அக்கா அடுக்களையிலிருந்தே சொன்னாள், புதுக் காதணி போட்டுப் பழகுகிறாள், அதுதான். பிறகு தானே வந்து மகள் முகத்தில் பவுடரை எடுத்து அப்பினாள். என் மனைவி, "மைனி, சுவத்துக்குச் சுண்ணாம்பு அடிக்கது மாதிரி இருக்கு" என்று சொல்லி, அதிகமாக நின்றதைத் தன் புடவைத் தலைப்பால் ஒற்றி எடுத்தாள். முகத்துக்கு முகம் வைத்து, ஊதி ஊதி எடுத்தாள். அதை நான் கூடத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

வந்தவர்களுக்குக் கேசரியும் வாழைக்காய் பஜ்ஜியும் கொடுத்தோம். இரண்டும் தெருமுனை டீக்கடையில், இந்த ஊர்ச் சொல்லில் சாயக்கடையில், வாங்கியது. அக்கா ஊர்ப்பட்ட வீடுகளுக்குச் சமைக்கிறவள். அவள் பஜ்ஜி போடுகிறாள் என்றால் அக்கிரகாரத்துக் கிழவர்கள்கூடப் பின்வாசல் பக்கம் நடப்பார்கள். அவள் வீட்டில் ஆறிப்போன பஜ்ஜி, எண்ணெய் ஊறிய பேப்பரோடு. பையனின் பெரியம்மா அதை எடுத்து விரலால் அழுத்திப் பார்த்தாள்.

"பொண்ணுக்க அம்மை பெரிய சமையல்காரின்னு சொன்னாவ. நாங்க பொண்ணு பாக்க வந்தோமா, சாயக்கடைக்கு வந்தோமா?"

அக்கா கொஞ்சமும் அசரவில்லை. "கேஸ் தீந்து போச்சு மைனி. நீங்க பொண்ணை எடுத்துக்கிட்டுப் போங்க, நான் ஆயுசு பூரா உங்களுக்கு பஜ்ஜி போட்டுத் தாரேன்."

எல்லோரும் சிரித்தார்கள். அதற்குப் பிறகு காப்பி வந்தது. சுடச்சுட, வீட்டு அடுப்பிலேயே போட்ட காப்பி. யாரும் அதை யோசிக்கவில்லை. பெண்ணைப் பிடித்துவிட்டது. அன்றைக்கே பூ வைத்துவிட்டுப் போனார்கள்.

அதற்குப் பிறகு பொங்கலை வந்தது. மாசியில் இந்த ஊர்த் தெருவெல்லாம் பெண்கள் செங்கல் அடுப்பு வைத்து அம்மனுக்குப் பொங்கலிடுவார்கள். என் மனைவியும் அக்காவும் ஒவ்வொரு வருஷமும் பக்கத்தில் பக்கத்தில் அடுப்பு வைப்பார்கள். கருவுக்கு வெயில் ஆகுமோ என்று நான் நினைத்தேன். அவளோ, இந்த வருஷம்தான் அவசியம் போகவேண்டும், குழந்தை நல்லபடியாகப் பிறக்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டிருக்கிறேன் என்றாள். போனாள். அந்த வாரமே அவளுக்கு லேசான காய்ச்சல் வந்தது. முகத்தில் தொடங்கிக் கழுத்து, மார்பு, கை என்று இளஞ்சிவப்பாகப் பொடிப்பொடியாகத் தடித்தது. அரிப்பு பெரிதாக இல்லை. நான் பயந்துபோய் அக்காவைக் கூப்பிட்டேன்.

அக்கா வந்தாள். ஆனால் உள்ளே வரவில்லை. வாசல்படியில் நின்றே என் மனைவியைப் பார்த்தாள். வெயிலில் அடுப்பு முன்னால் உட்கார்ந்தால் வேர்க்குரு வராமல் என்ன செய்யும் என்றாள். வயிற்றில் பிள்ளை இருக்கும்போது ஆஸ்பத்திரிக்குப் போனால் மாத்திரை தருவார்கள், மாத்திரை பிள்ளைக்கு ஆகாது, சும்மா இரு என்றாள். போகும்போது மடியிலிருந்து ஒரு பிடி வேப்பிலை எடுத்துத் திண்டில் வைத்து, குளிக்கிற தண்ணீரில் போடச் சொன்னாள். இரண்டு மூன்று நாளில் தடிப்பு அடங்கிவிட்டது. நாங்கள் அதை மறந்தே போனோம்.

ஆவணி முடிவில் பெண் குழந்தை பிறந்தது. எடை குறைவு. பால் குடிக்க வாயை வைக்கும், இரண்டு மிடறு இழுக்கும், விட்டுவிட்டு மூச்சு வாங்கும். நெற்றியெல்லாம் வியர்க்கும். பால் குடிக்கிற குழந்தைக்கு வண்டியிழுக்கிறவனுக்கு வியர்ப்பதுபோல வியர்க்குமா? மார்பில் கை வைத்தால் உள்ளே ஏதோ ஓடுகிறமாதிரி அதிர்ந்தது. தூக்கிக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

அங்கே ஒரு பெண் டாக்டர், வயதில் சின்னவர். என் முகத்தைப் பார்த்துவிட்டு மெதுவாக, தனக்குத் தெரிந்த தமிழையும் சேர்த்துச் சொன்னார். வயிற்றுக்குள் இருக்கும்போது குழந்தை மூச்சு விடுவதில்லை. அதனால் இதயத்திலிருந்து வருகிற ரத்தம் நுரையீரலுக்குப் போகாமல் குறுக்கே போக ஒரு சின்னக் குழாய் இருக்கும். "உள்ளே இருக்கும்போ அது வேணும். வெளியே வந்தா தன்னால அடையணும். இந்தக் குட்டிக்கு அடையல்லா." அடையாததால் நுரையீரலுக்கு அளவுக்கு மேல் ரத்தம் போகிறது, இதயம் இரண்டு மடங்கு வேலை செய்கிறது என்றார். பிறகு என் மனைவியைப் பார்த்து, கர்ப்பத்தின் ஆரம்பத்தில் காய்ச்சலும் உடம்பில் தடிப்பும் வந்ததா என்று கேட்டார்.

என் மனைவி, வந்தது என்றாள்.

ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ருபெல்லா என்றார்கள். நம் ஊரில் அதற்குத் தனிப்பெயர் சொல்வதில்லை. தடித்தால் எல்லாம் அம்மைதான். பெரியவர்களுக்கு வந்தால் ஒன்றும் செய்யாது, மூன்று நாளில் போய்விடும். வயிற்றில் முதல் மூன்று மாதத்துப் பிள்ளை இருந்தால் அதன் இதயத்தை, கண்ணை, காதை எதை வேண்டுமானாலும் தொடும் என்று டாக்டர் சொன்னார். அந்த மாதங்களில்தான் இதயம் உருவாகிறதாம். ஒருவர் மூச்சிலிருந்து, இருமலிலிருந்து இன்னொருவருக்குப் பரவும், சுற்றி யாருக்காவது இருந்ததா, வேறு கர்ப்பிணிகள் அந்தப் பக்கம் இருந்தால் அவர்களுக்கும் சொல்லவேண்டும், விசாரித்து வாருங்கள் என்றார்.

நான் நேரே வலியசாலைக்குப் போனேன். பையன் மறுபடி நீண்ட விடுமுறையில் வந்து, அக்கா மகளின் கல்யாணம் அதற்குள் முடிந்து, அவள் புருஷன் வீட்டில் இருந்தாள். அக்காவிடம் டாக்டர் சொன்னதெல்லாம் சொன்னேன். நான் அவ்வளவு நீளமாகப் பேசி அவளே பார்த்திருக்கமாட்டாள். இந்தப் பக்கம் யாருக்காவது அம்மை போட்டிருந்ததா என்று கேட்டேன்.

"இங்க எவளுக்கும் ஒண்ணும் இல்ல, தம்பி. பொங்கலைக்குப் போனாள்லா, எந்தெந்த ஊர்ச் சனமோ வந்து இருமிக்கிட்டுக் கெடந்துது. நான் அப்பவே நெனச்சேன்."

சொல்லும்போது என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னாள். நான் நம்பினேன். அவள் சொல்லி நான் எதையும் நம்பாமல் இருந்ததில்லை.

அந்தப் பேச்சு எங்கள் சந்துக்கும் வந்து சேர்ந்தது. அக்காதான் சொன்னாளோ, வாயிலிருந்து வாய்க்கு வந்ததோ, எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள். வயிற்றில் பிள்ளையை வைத்துக்கொண்டு யாராவது பொங்கலைக் கூட்டத்துக்குப் போவார்களா? தண்ணீர்க் குழாயடியில் அவளைக் கண்டதும் பேச்சு நிற்கும். சிலர் உச்சுக்கொட்டுவார்கள். அதைவிட அவள் தன்னையே சொல்லிக்கொண்டதுதான் அதிகம். குழந்தை நல்லபடியாகப் பிறக்கவேண்டும் என்று கும்பிடப் போன இடத்தில் குழந்தையைக் கெடுத்துக்கொண்டு வந்தேனே என்பாள். சுவரில் இருந்த அம்மன் படத்தைக் கழற்றிப் பெட்டிக்குள் வைத்துவிட்டாள். விளக்கேற்றுவதை நிறுத்தினாள். குழந்தைக்குப் பால் கொடுக்கும்போது அதன் முகத்தைப் பார்க்கமாட்டாள். ஜன்னலைப் பார்த்துக்கொண்டு கொடுப்பாள். ஒருநாள் கேட்டாள், "நான் தொட்டா இதுக்கு இன்னும் ஏதாவது வந்துருமோ?"

மருந்து கொடுத்துக்கொண்டிருந்தோம். எடை கொஞ்சம் ஏறினால் ஆபரேஷன் செய்து அந்தக் குழாயைக் கட்டிவிடலாம் என்றார்கள். அது ஏறவில்லை.

தை பிறந்திருந்த சமயம் அக்கா மகள் முழுகாமல் இருப்பதாகச் செய்தி வந்தது. இரண்டு நாள் தங்க வந்தவள் அம்மாவையும் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தாள். நல்ல பெண் அது. குழந்தையை மடியில் வாங்கிக்கொண்டு, நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டே பேசியது. அவள் ஊர் டாக்டரிடம், என் மாமா பிள்ளைக்கு இப்படி இருக்கிறது, எனக்கும் வருமா என்று பயந்து கேட்டிருக்கிறாள். டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்திருக்கிறார்.

"எனக்கு ஏற்கெனவே வந்துட்டுப் போயிருக்காம் அத்தை. ஒரு தடவை வந்தா பெறவு வராதாம். என் பிள்ளைக்குப் பயமே இல்லன்னுட்டாவ." அம்மா பக்கம் திரும்பினாள். "எப்ப வந்துதுன்னு கேட்டாவ. பொண்ணு பாக்க வந்தப்ப வந்துதே, அதைத்தான சொல்லணும்மா?"

அக்கா குனிந்து பாயின் ஓரத்தைச் சரிசெய்தாள்.

அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. சிரித்துக்கொண்டேதான் இருந்தாள். பொங்கலைக் கதையைத்தான் அவளுக்கும் சொல்லியிருந்தார்கள். அத்தை அன்றைக்கு முழுகாமல் இருந்தாள் என்பதே அவளுக்குத் தெரியாது. பிறகு எங்கள் முகங்களைப் பார்த்து, ஒவ்வொன்றாகச் சேர்த்து, தானே சிரிப்பை நிறுத்தினாள். "அம்மா யார்ட்டயும் சொல்லக்கூடாதுன்னாவ," என்றாள். குழந்தையை எங்கே வைப்பது என்று தெரியாமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.

என் மனைவி சத்தம் போடுவாள் என்று நினைத்தேன். அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"மைனி, அன்னைக்கு பஜ்ஜியை ஏன் கடையில வாங்குனீங்க?"

எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. அம்மை போட்ட வீட்டில் எண்ணெய் காய வைக்கமாட்டோம். வறுக்கமாட்டோம், தாளிக்கமாட்டோம். அம்மன் வந்து உட்கார்ந்திருக்கிற இடத்தில் எண்ணெய் கொதித்தால் அவள் மேல் பட்டமாதிரி என்பார்கள். வாசலில் வேப்பிலை கட்டுவோம். வெளியாள் வரக்கூடாது. பிள்ளைத்தாய்ச்சி அந்தப் படியையே மிதிக்கக்கூடாது. இதெல்லாம் எங்களுக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. அக்கா வேப்பிலையை மட்டும் கழற்றிவிட்டாள்.

"தண்ணி ஊத்தியாச்சு பிள்ளே," என்றாள் அக்கா. "அன்னைக்குக் காலம்பறதான் வேப்பிலையும் மஞ்சளும் போட்டுத் தலைக்கு ஊத்துனேன். எறங்கிட்டுன்னுதான் நெனச்சேன். லேசாத்தான் இருந்துது. முகத்துல நாலு தடிப்பு."

"எறங்கிட்டுன்னு நெனச்சா எண்ணெயைக் காய வச்சிருப்பீங்களே."

அக்கா அவளை விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். "தம்பி, நீ சொல்லு. நான் வேணும்னு செய்வேனா? அந்த நாளை விட்டா மாப்பிள்ளை போயிருவான். அம்மை வீடுன்னா அவங்க படி ஏறுவாங்களா? அப்பன் இல்லாத பொண்ணு, நான் என்ன செய்ய?"

"அவங்கள ஏன் கேக்கீங்க," என்றாள் என் மனைவி. "அவங்க இதுவரைக்கும் பேசுனதெல்லாம் நீங்கதான."

அக்கா எழுந்தாள். வாசல்வரை போய்த் திரும்பி வந்து என்னிடம் மட்டும் கேட்கிறமாதிரி சொன்னாள். இது வெளியில் போகவேண்டாம், அம்மன் இருந்த வீட்டில் நிச்சயம் பண்ணினோம் என்று தெரிந்தால் மாமியார் வீட்டில் மகளை வாழவிடமாட்டார்கள், இப்போது மாசமாக வேறு இருக்கிறாள். அவள் கை என் தோளில் இருந்தது. அந்தக் கையை நான் தட்டிவிடவில்லை. தலையையும் ஆட்டவில்லை.

அவள் போனபிறகு நான் வண்டிக்குப் போய்ப் பெட்டியில் கரி போட்டு ஊதிக்கொண்டிருந்தேன். ஒரு வெள்ளை வேட்டியைக் கருக்கிவிட்டேன். இத்தனை வருஷத்தில் நான் கருக்கிய முதல் துணி.

கல்யாணம் நின்றுவிடும் என்று பயந்து ஒருத்தி ஒரு பொய் சொன்னாள் என்றால் என்னால் அதைத் தாங்கிக்கொண்டிருக்க முடியும். என் அக்கா அதற்குத் தகுந்த கஷ்டம் பட்டவள்தான். வேறு சுமங்கலி ஒருத்தியைத் தெருவில் கேட்டிருக்கலாம், அதைக்கூட விட்டுவிடுகிறேன். ஆனால் அவள் அன்றைக்கு எண்ணெய் காய வைக்கவில்லை. அம்மனுக்குப் பயந்தாள். அடுப்பைப் பார்த்து எண்ணெய்ச் சட்டியை வைக்காமல் இருந்தவளுக்கு, பக்கத்து அறையில் தன் மகள் முகத்தோடு முகம் வைத்து ஊதிக்கொண்டிருந்த என் மனைவியைப் பார்த்துப் பயம் வரவில்லை. பிறகு எங்கள் வாசலில் உள்ளே வராமல் நின்றது, மடியில் வேப்பிலை கொண்டுவந்தது, ஆஸ்பத்திரிக்குப் போகாதே என்றது, எல்லாம் எனக்கு வரிசையாக வந்தது. நான் குழந்தைக்காக வாய் திறந்து கேட்டபோது என் முகத்தைப் பார்த்து இல்லை என்றாளே, அது எல்லாவற்றுக்கும் மேலே உட்கார்ந்துகொண்டது. இங்கே என் மனைவி குழந்தையின் முகத்தைப் பார்க்காமல் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். அதை அக்கா வாரம் ஒருமுறை வந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

அந்த வருஷப் பொங்கலை அன்று நாங்கள் ஆஸ்பத்திரியில் இருந்தோம். எடை ஏறக் காத்திருக்க முடியாது என்று சொல்லி முந்தின நாள் ஆபரேஷன் செய்திருந்தார்கள். ஊரெல்லாம் எரிகிற ஓலைப் புகை ஜன்னல் வழியாக வார்டுக்குள் வந்தது. அங்கே பேசவேண்டியதையெல்லாம் நானே பேசினேன். நர்ஸ் தாளில் எழுதிக்கொண்டே கேள்வி கேட்பாள், நான் "ம்" என்பேன். "சேட்டா, 'ம்' எல்லாம் இதிலே எழுதான் பற்றில்லா. வாய் துறந்து பறயணும்," என்று அந்தப் பெண் சிரித்துக்கொண்டு அதட்டினாள். வாய் திறந்தேன். எத்தனை மணிக்குப் பால் குடித்தது, எத்தனை தரம் வாந்தி, எல்லாம் சொன்னேன். அக்கா ஒரு பிளாஸ்க்கில் கஞ்சி கொண்டுவந்து வாசலில் காவலாளியிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். அதைக் கீழே இருந்த வேறு ஆளுக்குக் கொடுத்து, பிளாஸ்க்கைக் கழுவி, ஆள் மூலம் திருப்பி அனுப்பினேன்.

குழந்தை பிழைத்தது. இடது தோள்பட்டைக்குக் கீழே, முதுகில், பிறைபோல ஒரு தழும்பு. பால் குடிக்கும்போது வியர்ப்பது நின்றது. கன்னத்தில் சதை வைத்தது. காது மட்டும் கேட்கவில்லை என்று பிறகு சொன்னார்கள். அதற்குக் கருவி பொருத்தவேண்டும், ஆஸ்பத்திரியில் பெயர் எழுதி வைத்திருக்கிறார்கள்.

என் மனைவி இப்போது அதன் முகத்தைப் பார்த்துப் பேசுகிறாள். உதட்டைப் பார்த்து அது சிரிக்கிறது. பெட்டியிலிருந்து அம்மன் படம் சுவருக்குத் திரும்பியது. ஆனால் சந்தில் பழைய பேச்சு அப்படியேதான் இருந்தது. அக்கா அதை எங்கேயும் மாற்றிச் சொல்லவில்லை. அவள் மகளுக்கு ஆண் குழந்தை பிறந்து, நல்ல ஆரோக்கியமாக இருப்பதாக எல்லோரிடமும் சொன்னாள். எங்களை எல்லாவற்றுக்கும் அழைத்தாள். நாங்கள் போகவில்லை.

அடுத்த மாசியில் என் மனைவி, நான் அடுப்பு வைக்கப் போகிறேன் என்றாள். குழந்தையையும் தூக்கிக்கொண்டு போனோம். நான் செங்கல்லும் காய்ந்த ஓலையும் சுமந்தேன். வழக்கமான இடத்தில் மூன்று செங்கல்லை வைத்தோம். கொஞ்ச நேரத்தில் அக்கா வந்தாள். வேறு இடம் எவ்வளவோ இருந்தது. வழக்கம்போல எங்கள் அடுப்புக்குப் பக்கத்திலேயே தன் கற்களை வைத்து உட்கார்ந்தாள். அதைப் பார்க்கிறவர்களுக்கு நாத்தனாரும் தம்பி மனைவியும் ஒற்றுமையாக இருப்பதாகத்தான் தோன்றும்.

எங்கள் சந்தில் குடியிருக்கும் ஒரு தையற்காரர் மனைவி எதிரில் அடுப்பு வைத்திருந்தாள். கெட்டவள் இல்லை, வாய்தான் சும்மா இருக்காது. குழந்தையைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"உனக்குத் தைரியம்தான் கேட்டியா. இங்கேருந்துதான அதைப் பிடிச்சுக்கிட்டுப் போன. மறுபடியும் பிள்ளையத் தூக்கிக்கிட்டு இங்கயே வந்திருக்கியே."

சுற்றி இருந்த இரண்டு மூன்று பேர் திரும்பினார்கள். என் மனைவி அக்காவைப் பார்த்தாள். நானும் அக்காவைப் பார்த்தேன். இந்தமாதிரி இடத்தில் என் ஆயுசு முழுக்க நான் அவளைத்தான் பார்த்திருக்கிறேன். மகளுக்குக் குழந்தை பிறந்துவிட்டது, இனி யாரும் அவளைத் திருப்பி அனுப்பப் போவதில்லை. இப்போது சொல்லிவிடுவாள் என்று உண்மையிலேயே நினைத்தேன். அக்கா முறத்தில் இருந்த அரிசியில் கல் பொறுக்கத் தொடங்கினாள். அது ஏற்கெனவே பொறுக்கிய அரிசி.

"இங்கேருந்து வந்தது இல்ல அது," என்றேன். "அக்கா வீட்ல இருந்து வந்தது."

தையற்காரர் மனைவி என்னைத்தான் பார்த்தாள், மாமரம் பேசியதுபோல. "என்ன சொன்னீரு?" என்றாள். அவளுக்கு நிஜமாகவே காதில் சரியாக விழவில்லை. ஒரு தடவை எப்படியோ வந்துவிட்டது. அதையே இரண்டாம் தடவை சொல்வதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. சொன்னேன்.

"அக்கா மகளுக்கு அம்மை போட்டிருந்தது. மறைச்சு வச்சு இவளைக் கூப்பிட்டாங்க. அக்காவுக்குத் தெரியும்."

அக்கா முறத்தைவிட்டு நிமிரவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. கோயில் பக்கமிருந்து வெடிச்சத்தம் கேட்டது. கோயிலின் முதல் அடுப்பான பண்டார அடுப்பில் தீ வைத்துவிட்டார்கள். வரிசையாக அடுப்புகள் பற்றத் தொடங்கின. பக்கத்தில் இருந்த கைக்குழந்தைகள் எல்லாம் அந்தச் சத்தத்தில் வீறிட்டு அழுதன. எங்கள் குழந்தை என் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது.

பொங்கி முடிந்து தீர்த்தம் தெளித்ததும் சூடான பானைகளை இறக்கித் தூக்கிக்கொண்டு போகவேண்டும். ஒவ்வொரு வருஷமும் இரண்டு பானைகளையும் நான்தான் தூக்குவேன். அக்கா துணியைச் சுருட்டிக் கொடுத்து, "தம்பி, பாத்துத் தூக்கு" என்பாள். அன்றைக்கும் துணியைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு என் பக்கம் பார்த்தாள். நான் குழந்தையை மனைவியிடம் கொடுத்தேன். எங்கள் பானையை மட்டும் தூக்கிக்கொண்டு நடந்தேன்.